கட்டக்கோரைப் பொடி ‘ஏபிசிஏ1’ புரதத்தைத் தூண்டும் என்கிறார்களே, மெய்தானா?

சின்னப்பாலம் பேரன்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பத்தா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குருசடைத் தீவுப் பக்கம் பாசி எடுத்தவர். இப்போது எழுபதைக் கடந்து, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். இத்தனை காலமும் அவரிடம் கட்டக்கோரையை எடைபோட்டு வாங்கிச் சென்ற வியாபாரியின் ஆள் ஒருவர், அதே பாசியைப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்து, போன வாரம் அவருக்கே விற்றுவிட்டுப் போயிருக்கிறார். கூடவே கொடுத்த துண்டறிக்கையில், இதிலுள்ள ஃபுகோஸ்டீரால் என்னும் பொருள் ஏபிசிஏ1 என்ற கொழுப்பு கடத்தும் புரதத்தை முடுக்கிவிட்டு ரத்தக் குழாயில் படிந்த கொழுப்பை வெளியேற்றும் என்றும், பக்க விளைவு எதுவும் இல்லை என்றும் அச்சிட்டிருக்கிறது.

நான் வணிகவியல் படித்தவன். வேதியியல் பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. அப்படியொரு புரதம் இருக்கிறதா, பாசியிலுள்ள பொருள் அதைத் தூண்டுவது மெய்தானா, மெய்யென்றால் அப்பத்தாவுக்குக் கொடுக்கலாமா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். “நம்ம கடல்ல விளைஞ்சது நம்மள என்ன செஞ்சிரப் போகுது” என்கிறார் அவர். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மண்டபம் முகாம் மாணவி:

தம்பி, துண்டறிக்கை எழுதியவர் முழுப் பொய் சொல்லவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். நான் உயிர்வேதியியலில் ஆய்வு செய்பவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொலஸ்டிராலின் வளைய அமைப்பை உடைத்து எரிக்கும் ஆற்றல் நம் உடலின் எந்த உயிரணுவுக்கும் கிடையாது. மிஞ்சியதைக் கல்லீரலுக்கு அனுப்பிப் பித்தத்தின் வழியே கழிப்பதுதான் உடலுக்குத் தெரிந்த பெரிய வழி. அந்தப் பயணத்தின் முதல் அடியை எடுத்து வைப்பது ஏபிசிஏ1. உயிரணுவின் சவ்வுக்குக் குறுக்கே பதிந்திருக்கும், 2261 அமினோ அமிலங்களால் ஆன பெரிய புரதம் இது. ஏடிபி என்னும் எரிபொருளைச் செலவழித்து, சவ்வின் உட்புற அடுக்கிலுள்ள பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகளை வெளிப்புற அடுக்குக்கு இது புரட்டித் தள்ளுகிறது. அங்கே வந்து ஒட்டும் அப்போலிப்போபுரதம் ஏ1 அவற்றையும் கொலஸ்டிராலையும் ஏற்றிக்கொண்டு ‘நல்ல கொழுப்பு’ என்று சொல்லப்படும் எச்டிஎல் துகளாக உருவெடுக்கிறது. பாம்பன் துறையில் நின்று மூட்டை ஏற்றிவிடும் ஆள் ஏபிசிஏ1 என்றும், வெறுமையாக வந்து அணையும் வள்ளம் அந்த ஏ1 என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் ‘தூண்டுதல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். துறையில் வேலை வேகமாக நடக்க வேண்டுமென்றால் ஆட்களைக் கூட்டலாம், இருக்கும் ஆள் சீக்கிரம் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம், அல்லது அதே ஆளைக் கூடுதலாக உழைக்க வைக்கலாம். ஏபிசிஏ1 தூண்டிகள் என்று நூல்களில் வரும் வேதிப்பொருள்களில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. அவை அந்தப் புரதத்தைத் தொடுவதேயில்லை. உயிரணுவின் கருவில் எல்எக்ஸ்ஆர் என்றொரு ஏற்பி இருக்கிறது, அதில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வடிவங்கள் உண்டு. கொலஸ்டிரால் மிகும்போது அதிலிருந்து பிறக்கும் ஆக்சிஸ்டீரால்கள் இந்த ஏற்பியில் அமர்கின்றன என்பது 1996-இல் தெரிய வந்தது. அமர்ந்ததும் ஏற்பியானது ஆர்எக்ஸ்ஆர் என்ற கூட்டாளியுடன் இணைந்து ஏபிசிஏ1 மரபணுவை இயக்குகிறது, புரதத்தின் எண்ணிக்கை கூடுகிறது. 22(ஆர்)-ஹைட்ராக்ஸி கொலஸ்டிராலும் 24(எஸ்),25-எபாக்ஸி கொலஸ்டிராலும் இயற்கையில் இந்த வேலையைச் செய்பவை. டி0901317, ஜிடபிள்யூ3965 ஆகியவை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டவை. கூட்டாளிக்குரிய 9-சிஸ் ரெட்டினோயிக் அமிலத்தைக் கொடுத்தாலும் இதே மரபணு விழித்துக்கொள்கிறது.

ஃபுகோஸ்டீரால் பழுப்புப் பாசிகளின் முதன்மையான ஸ்டீரால், அதாவது கொலஸ்டிராலுக்கு உறவான பொருள். கட்டக்கோரையிலும் அது உண்டு. வளர்ப்பு ஊடகத்தில் வைத்த மனித விழுங்கணுக்களில் (கழிவையும் கொழுப்பையும் விழுங்கும் வெள்ளையணுக்களில்) அது எல்எக்ஸ்ஆர் வழியாக ஏபிசிஏ1-ஐக் கூட்டியதாக 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. துண்டறிக்கையின் முதல் பாதிக்கு அடிப்படை அதுவாகத்தான் இருக்க வேண்டும். மீதிப் பாதி அச்சகத்தில் சேர்ந்தது.

தொண்டி வாத்தியார்:

மாணவி அம்மா அழகாக விளக்கினார். ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியன் என்ற முறையில், இந்தப் புரதம் கண்டறியப்பட்ட கதையை நம் கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனெனில் அதுவும் மீனவர் வாழும் தீவு ஒன்றில் தொடங்கியதுதான்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தை ஒட்டிய செசாபீக் விரிகுடாவில் டேஞ்சியர் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. நண்டு பிடிப்பதே அங்கே முதன்மைத் தொழில். பல தலைமுறைகளாகச் சில குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர். அங்கிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொண்டைச் சதை ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. அவனுக்கும் அவன் சகோதரிக்கும் ரத்தத்தில் எச்டிஎல் ஏறக்குறைய இல்லவே இல்லை. டொனால்ட் ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 1961-இல் அதை ‘டேஞ்சியர் நோய்’ என்று பதிவு செய்தனர். அந்தத் தொண்டைச் சதைக்கு நிறம் கொடுத்தது வெளியேற வழியின்றி விழுங்கணுக்களுக்குள் தேங்கிய கொலஸ்டிரால் எஸ்டர்தான். பழுதுபட்ட மரபணு ஏபிசிஏ1 என்று மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தது 1999-இல். நோயைப் பார்த்த நாளுக்கும் மரபணுவைப் பிடித்த நாளுக்கும் இடையே 38 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஓரிடம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. எச்டிஎல் இல்லாத அந்த நோயாளிகளுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருக்க வேண்டுமல்லவா? எல்லோருக்கும் அப்படி வரவில்லை என்று படித்த நினைவு.

கீழக்கரை மருந்துக்கடை:

வாத்தியார் ஐயா கேட்டது சரியான கேள்வி. அந்த நோயாளிகளுக்கு எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பும் குறைந்தே இருக்கும். அது ஓரளவு காப்பாற்றுகிறது. இன்னொரு செய்தியையும் பாருங்கள். ஏபிசிஏ1-இன் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாகி, அதனால் வாழ்நாள் முழுவதும் எச்டிஎல் குறைந்திருந்தவர்களை டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்கு இதய நோய் கூடுதலாகக் காணப்படவில்லை. ஆக, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் எச்டிஎல் எண் ஒன்று, கொழுப்பு உண்மையில் வெளியேறும் திறன் வேறொன்று.

இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் மருந்து நிறுவனங்கள் பட்ட அடி கொஞ்சமல்ல. எச்டிஎல்-ஐ வெகுவாக உயர்த்திய டார்செட்ராபிப் மருந்தை ஏறத்தாழ 15,000 பேரிடம் சோதித்தபோது, மருந்து எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-இல் சோதனையையே நிறுத்தினார்கள். 2012-இல் டால்செட்ராபிப், 2015-இல் எவாசெட்ராபிப் என்று அதே குடும்பத்து மருந்துகள் பயனில்லை என்று அடுத்தடுத்துக் கைவிடப்பட்டன. எண் உயர்ந்தது, நோயாளிக்கு நன்மை வரவில்லை. என் கடைக்கு வருபவர்கள், “காக்கா (அண்ணே), நல்ல கொழுப்பை ஏத்துற மாத்திரை இருக்கா” என்று இன்றும் கேட்கிறார்கள். இதை விளக்கிச் சொல்வதற்குள் பின்னால் நிற்பவர் பொறுமை இழந்துவிடுகிறார்.

எல்எக்ஸ்ஆர் வழியின் கதையும் அப்படித்தான். அந்த ஏற்பி ஏபிசிஏ1 மரபணுவோடு நின்றுவிடுவதில்லை. கல்லீரலில் கொழுப்பு அமிலங்களை உற்பத்தி செய்யும் எஸ்ஆர்இபிபி-1சி என்ற இன்னொரு மரபணுவையும் சேர்த்தே எழுப்புகிறது. டி0901317 கொடுத்த எலிகளுக்கு எச்டிஎல் உயர்ந்த கையோடு ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறியது, கல்லீரலில் கொழுப்பு படிந்தது. மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த எல்எக்ஸ்ஆர்-623 என்னும் மருந்து நரம்பு மண்டலத்தில் பக்க விளைவுகளைக் காட்டியதால் இதய நோய்க்கான முயற்சி கைவிடப்பட்டது. ‘பக்க விளைவு இல்லை’ என்ற வரியைத் துண்டறிக்கையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஏர்வாடி வாசகர்:

மன்னிக்கவும், நான் இதில் சற்று மாறுபடுகிறேன். செயற்கை மருந்து தோற்றது என்பதற்காக இயற்கைப் பொருளையும் அதோடு சேர்த்துத் தள்ளுவது எந்த வகையில் நியாயம்? கட்டக்கோரைக்கு உறவான ஒரு பாசியை உணவில் கலந்து கொடுத்தபோது, மறதி நோய் வருமாறு வளர்க்கப்பட்ட எலிகளின் நினைவாற்றல் மேம்பட்டதாக 2019-இல் ஆய்வு வந்திருக்கிறது. அதிலுள்ள சாரிங்கோஸ்டீரால் என்ற பொருள் எல்எக்ஸ்ஆர்-பீட்டாவை மட்டும் தேர்ந்து தூண்டுவதால், ஆல்ஃபா வடிவம் மிகுந்த கல்லீரல் தப்பித்துக்கொள்கிறது என்றும் சொல்கிறார்கள். நம் கரையில் கிடைக்கும் பொருளுக்கு நாமே மதிப்புக் கொடுக்காவிட்டால், நாளை வெளிநாட்டான் காப்புரிமை வாங்கிக்கொண்டு நம்மிடமே விற்பான்.

மண்டபம் முகாம் மாணவி:

ஏர்வாடி அண்ணன் சொன்ன ஆய்வு உண்மையானது, மதிக்கத்தக்கதும்கூட. கல்லீரலை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மட்டும் ஏபிசிஏ1-ஐக் கூட்டும் பொருள் கிடைத்தால் அது பெரிய வெற்றி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் எலியிலிருந்து மனிதருக்குத் தாவும் இடத்தில்தான் இந்தத் துறை திரும்பத் திரும்ப இடறியிருக்கிறது. பீட்டா வடிவத்தைத் தேர்ந்து தூண்டும்படி வடிவமைத்த பிஎம்எஸ்-852927 என்ற செயற்கைப் பொருள், விலங்குகளில் நல்ல முடிவைக் காட்டியது. மனிதருக்குக் கொடுத்தபோது விழுங்கணுக்கள் கொழுப்பை வெளியேற்றும் மரபணுக்கள் எதிர்பார்த்தபடியே கூடின. கூடவே டிரைகிளிசரைடும் எல்டிஎல்-உம் ஏறின, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் குறைந்தன. இது 2016-இல் வெளியான முடிவு.

ஏன் இப்படி என்பதற்கு ஓரளவு விடை இருக்கிறது. எச்டிஎல்-இலிருந்து கொலஸ்டிராலை எடுத்து எல்டிஎல் வகைத் துகள்களுக்கு மாற்றிக் கொடுக்கும் சிஇடிபி என்ற புரதம் நம் ரத்தத்தில் இருக்கிறது, எலிகளுக்கு அது கிடையாது. எல்எக்ஸ்ஆர் அந்தப் புரதத்தையும் நம்மிடம் கூட்டுகிறது. மேலும், எல்டிஎல்-ஐப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பியை அழிக்கும் ஐடால் என்ற புரதத்தையும் அது தூண்டுவது 2009-இல் தெரிந்தது. ஒரு வாசலைத் திறக்கப் போனால் வீட்டின் நான்கு சன்னல்களும் சேர்ந்து திறந்துகொள்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என் பார்வையில் முதன்மையானது இதுதான். ஊடகத்தில் கிடக்கும் உயிரணுவின் மேல் ஃபுகோஸ்டீராலை நேரடியாக ஊற்றுகிறோம். வாயால் விழுங்கும் தாவர வகை ஸ்டீரால்களிலோ நூற்றுக்கு ஐந்து பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. குடல் சுவரிலுள்ள ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரட்டைப் புரதங்கள் உள்ளே வந்ததைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டையும் கூட்டுவதும் இதே எல்எக்ஸ்ஆர்தான். இந்த இரட்டை பழுதானால் தாவர ஸ்டீரால்கள் ரத்தத்தில் குவிந்து சிட்டோஸ்டீராலீமியா என்ற நோயாகி, இளம் வயதிலேயே ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். அப்படியிருக்க, ஒரு தேக்கரண்டிப் பொடியால் ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள விழுங்கணுவில் ஏபிசிஏ1 கூடும் என்று சொல்ல இன்றைக்கு யாரிடமும் சான்று இல்லை.

பாசிக்கரை மகள்:

வேதியியல் எனக்குத் தெரியாது, பாசி தெரியும். என் அம்மாவும் சின்னம்மாக்களும் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுத்த காசில்தான் நான் படித்தேன். கட்டக்கோரை என்பது ஒரே பாசி என்று இங்கே எல்லோரும் நினைத்துப் பேசுகிறீர்கள். சர்காசம் என்ற இனத்தில் நம் கடலிலேயே பல வகைகள் இருக்கின்றன. மூட்டையில் ஏறும்போது எல்லாமே கட்டக்கோரைதான். அவசரத்தில் பக்கோடாப் பாசியும் அதோடு சேர்ந்துவிடும். ஆலைக்காரர் அதைப் பொருட்படுத்த மாட்டார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது துணி அச்சிடவும் பனிக்கூழுக்கும் போகும் ஆல்ஜினேட். மருந்தென்று சொல்லி விற்பவர் அப்படி இருக்கலாமா? மணலில் கொட்டிக் காயவைத்து, சாக்கில் கட்டி, மழையில் நனைந்து, மறுபடி காயும் பொருள் அது. மரிக்கொழுந்துப் பாசியையோ கஞ்சிப்பாசியையோ கையாளுகிற கவனத்தில் பாதிகூட அதற்குக் கிடையாது.

எங்கள் வீட்டில் கஞ்சிப்பாசியைக் காய்ச்சிச் சாப்பிட்டிருக்கிறோம். கட்டக்கோரையை உணவாகச் சாப்பிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ‘பாரம்பரிய உணவு’ என்று அந்தத் துண்டறிக்கையில் எழுதியிருந்தால் அதையும் அடித்துவிடுங்கள்.

கீழக்கரை மருந்துக்கடை:

தங்கச்சி எழுதியதை வைத்து ஓர் எச்சரிக்கை. ஏர்வாடி நண்பர் குறிப்பிட்ட எலி ஆய்வில் பயன்பட்டது சர்காசம் ஃபியூசிஃபார்மி, ஜப்பானியர் ஹிஜிகி என்று உண்பது. கனிம ஆர்சனிக் அதிகமாக இருப்பதால் அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை பொதுமக்களுக்கு அறிவுரை வழங்கியிருக்கிறது. பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்சனிக்கையும் அயோடினையும் திரட்டி வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. நம் கட்டக்கோரைப் புட்டியில் அவை எவ்வளவு இருக்கின்றன என்பதைச் சோதித்துப் பார்த்த சான்றிதழ் இல்லாமல் வயதானவருக்கு நாள்தோறும் கொடுப்பது சரியில்லை. தைராய்டு தொல்லை உள்ளவருக்கு அயோடின் மிகுதியும் கெடுதல்.

சின்னப்பாலம் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. இங்கே படித்ததை வைத்து நானும் கொஞ்சம் தேடியபோது ஒரு செய்தி கண்ணில் பட்டு, இரவெல்லாம் தூக்கமில்லை. அப்பத்தா சர்க்கரைக்குச் சாப்பிடுவது கிளிபென்கிளமைடு. அந்த மருந்து ஏபிசிஏ1-ஐத் தடுக்கும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அதை நிறுத்திவிட வேண்டுமா, காக்கா?

கீழக்கரை மருந்துக்கடை:

நிறுத்தவே கூடாது தம்பி. ஆய்வகத்தில் ஏபிசிஏ1-ஐத் தடுக்க அந்த மருந்தை நூறு மைக்ரோமோலார் அளவிலும் அதற்கு மேலும் ஊற்றுவார்கள். மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் அது பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாரைக்கூட எட்டுவதில்லை. பொடிக்குச் சொன்ன அதே கணக்குதான் இதற்கும். ஊடகத்தில் நடப்பதெல்லாம் உடலில் நடப்பதில்லை. மாத்திரையைத் திடீரென்று விட்டால் சர்க்கரை ஏறும், அது கண்முன்னே நடக்கும் கெடுதல். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகும் அபாயம் உண்டு என்பதால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இது தொடர வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கும் ஏபிசிஏ1-க்கும் தொடர்பில்லை.

தொண்டி வாத்தியார்:

மாணவி அம்மாவிடம் ஒரு விண்ணப்பம். மூன்று வழி என்று தொடங்கி, ஆளைக் கூட்டும் வழியை மட்டுமே சொன்னீர்கள். மற்ற இரண்டும் என்னவாயின?

மண்டபம் முகாம் மாணவி:

ஐயா மறக்கவில்லை, நான்தான் மறந்துவிட்டேன். ஏபிசிஏ1 உயிரணுவில் நெடுநேரம் நிலைப்பதில்லை. உருவானதில் பாதி ஓரிரு மணி நேரத்திற்குள் அழிந்துவிடுகிறது. கால்பெய்ன் என்னும் நொதி அதைத் துண்டாடுகிறது. அப்போலிப்போபுரதம் ஏ1 வந்து ஒட்டியிருக்கும் வரை அந்த நொதியால் அதை வெட்ட முடிவதில்லை. வள்ளம் துறையில் நிற்கும் வரை ஆள் கிளம்ப மாட்டார் என்பதைப் போலத்தான். இதைப் பார்த்துத்தான், அந்தப் புரதம் முழுவதையும் தயாரிக்காமல் அதன் சுருள் வடிவத்தை மட்டும் ஒத்த குறுகிய பெப்டைடுகளைச் செய்யலாமே என்ற எண்ணம் பிறந்தது. அப்போலிப்போபுரதம் ஈ-இன் கடைசிப் பகுதியைப் பார்த்து வடிவமைத்த சிஎஸ்-6253 அவற்றில் ஒன்று. இது ஏபிசிஏ1-உடனேயே வினைபுரிவது, இருக்கும் ஆளையே உழைக்க வைக்கும் மூன்றாவது வழி. மரபணுவைத் தட்டி எழுப்பாததால் கல்லீரலில் கொழுப்பு படியும் தொல்லை இதில் எழ வேண்டியதில்லை. அப்போலிப்போபுரதம் ஈ-இல் மறதி நோய் அபாயத்தைக் கூட்டும் ஈ4 வகையைக் கொண்ட எலிகளில் மூளைக் கோளாறுகளை இது குறைத்ததாக அறிக்கைகள் வந்துள்ளன. நேரடித் தூண்டி என்ற பெயர் என் கணக்கில் இத்தகையவற்றுக்குத்தான் பொருந்தும்.

சிறுநீரகத்திலும் ஒரு புதிய கிளை முளைத்திருக்கிறது. வடிகட்டும் போடோசைட் அணுக்களில் கொழுப்பு தேங்கினால் அவை சிதைகின்றன. அங்கே ஏபிசிஏ1-ஐக் கூட்டும் சில சிறு மூலக்கூறுகளைக் கண்டெடுத்தவர்கள், அவை எல்எக்ஸ்ஆர்-ஐத் தொடாமல் ஓஎஸ்பிபிஎல்7 என்ற கொழுப்பைப் பற்றும் வேறொரு புரதத்தில் போய் ஒட்டுவதை 2021-இல் காட்டினார்கள். எலிகளின் சிறுநீரில் புரதம் வெளியேறுவது அதனால் குறைந்தது. பழைய வாசலைத் திறக்காமல் கொல்லைப்புறம் வழியாகப் போன இந்த முயற்சி எனக்கு நம்பிக்கை தருகிறது. ஏர்வாடி அண்ணனுக்கும் ஒரு சொல்: பாசி ஸ்டீரால்களை முன்மாதிரியாக வைத்துப் புதிய மூலக்கூறுகளைத் தேடுவதை நான் மறுக்கவில்லை. அது ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை, அப்பத்தாவின் வயிற்றில் செய்து பார்க்க வேண்டியதன்று.

ஏர்வாடி வாசகர்:

ஏற்றுக்கொள்கிறேன் தங்கச்சி. காப்புரிமை பற்றிய என் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

சின்னப்பாலம் பேரன்:

நேற்று அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். ஆர்சனிக் என்றதும் “பாஷாணமா” என்று கேட்டார். அதன் பிறகு வேறெதையும் காதில் வாங்கவில்லை. புட்டியை எடுத்துப்போய்க் கொல்லையில் நிற்கும் தென்னை மூட்டில் கொட்டிவிட்டார். கட்டக்கோரையைத் தென்னைக்குப் போடுவது எங்கள் ஊரில் பழக்கம்தான் என்பதால் நான் தடுக்கவில்லை. வாங்கிய காசைத் திரும்பக் கேட்கலாம் என்றதற்கு, அடுத்த மூட்டையில் அந்த ஆள் எடையைக் குறைத்துவிடுவான் என்றார். சின்னம்மா இன்னும் அவனிடம்தான் பாசி போடுகிறார்.

பாசிக்கரை மகள்:

தென்னைக்குப் போடும் கட்டக்கோரையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உப்புப் போன பிறகே போடுவது எங்கள் வீட்டு வழக்கம். பொடியில் உப்பு அப்படியே இருக்கும், மூட்டில் நன்றாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.